பத்து லிட்டர் கேபினட்டுக்குள் சூடு: வாட்டர் கூலரா, வோல்டேஜா?

மார்ச் கடைசியில் கருங்கலில் இருந்து அத்தை மகன் போன் செய்தான். “அண்ணா, கேம் லோடு ஆகும்போது சிபியு தொண்ணூத்தஞ்சு காட்டுது. ஃபேன் போடுற சத்தத்துல, மிக்சி ஓடுதான்னு அம்மா எட்டிப் பாக்காவ. வாட்டர் கூலர் போட்டா சரியாவுமா?”

“ஒனக்கு எதுக்குடே வாட்டர்?” என்று சட்டென்று கேட்டுவிட்டேன். போனை வைத்த பிறகு, சிபியுவை நீரால் குளிர்விக்கும் கூலரை அவன் கேட்டதில் தப்பில்லை என்று தோன்றியது. பத்தாவது லெவலில் மாட்டிக்கொண்டவன் பெரிய ஆயுதத்தைத்தான் தேடுவான். கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் வைத்திருக்கிறான். அதை எங்கே போடுவது, அல்லது போடாமலே இருப்பதா என்பதுதான் விஷயம்.

அவன் கணினியும் என்னுடையதும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் அசெம்பிள் செய்தது நான்தான். சிபியு ரைசன் 5 7600, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4070, 17 சென்டிமீட்டர் சதுரத்தில் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, மின்சாரம் கொடுக்க எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவில் 650 வாட் எஸ்எம்பிஎஸ். மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகாக நிற்கும். நடுவில் ஒரு தகடு. இரண்டையும் சேர்ப்பது ரைசர் கேபிள். கேபினட்டின் கொள்ளளவு பத்து லிட்டர் சொச்சம். பெரிய சாப்பாட்டுத் தூக்குவாளி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத் தகட்டை நகர்த்தலாம். ஆனால் எங்கள் கார்டின் பருமனுக்கு இடம் விட்டால், சிபியு கூலருக்கு மிஞ்சுவது 50 மில்லிமீட்டருக்கும் கீழே.

அவன் மாதம் ஒருமுறை இதை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகிறான். நான் வாராவாரம் முட்டத்தில் இருந்து திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். ஆக, மேஜையிலேயே குடியிருக்கும் கணினிக்குச் சொல்லும் யோசனை எதுவும் எங்களுக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் அந்த 95 டிகிரி. 7600க்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 95தான். அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்து போகாது. கேம் லோடு ஆகும்போது, காட்சிக்கான நிரல்களைத் தயார்செய்யும் ஷேடர் கம்பைல் என்று சிபியுவின் ஆறு கோரும், அதாவது உள்ளே இருக்கும் ஆறு மூளையும், ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அப்போது 95ஐத் தொட்டுவிட்டு, விளையாடும்போது 80க்குள் நின்றால் பயப்பட எதுவும் இல்லை. அவனுக்கு விளையாடும்போதும் 88 டிகிரி நின்றது. சரி, கவனிக்க வேண்டியதுதான்.

அவன் கவனிக்காதது ஒன்று உண்டு. அந்தக் கேபினட்டில் அடுப்பு இரண்டு. சிபியு அதிகபட்சம் 88 வாட் எடுக்கும். விளையாட்டில் அதுவும் எடுக்காது. கார்டு 200 வாட் எடுக்கும். தகட்டின் மறுபக்கம் இரண்டு மடங்குக்கு மேல் எரிகிற அடுப்பை விட்டுவிட்டு, சின்ன அடுப்புக்கு மட்டும் வாட்டர் கூலர் வாங்கினால் என்ன ஆகும்? எண் கொஞ்சம் குறையும். சத்தம் கார்டில் இருந்து வந்துகொண்டே இருக்கும்.

அதனால் நான் முதலில் சொன்னது காசில்லாத வழி: செட்டிங்ஸ்.

சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கார்டு 1.05 வோல்ட்டில் செய்யும் வேலையை 0.95 வோல்ட்டில் செய்ய வைத்தால், அதே வேகத்தில் சுமார் 18 சதவீதம் மிச்சம். தொழிற்சாலையில் ஒவ்வொரு சிப்பையும் சோதித்துத்தான் வோல்டேஜ் வைக்கிறார்கள். ஆனாலும் எந்தச் சூட்டிலும் எந்த வேலையிலும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாராளத்தைத்தான் அண்டர்வோல்ட்டில், அதாவது வோல்டேஜைக் குறைப்பதில், திரும்ப எடுக்கிறோம். கார்டைச் சரிசெய்யும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரலைத் திறந்து, கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால், எந்த வோல்டேஜுக்கு எந்த வேகம் என்று காட்டும் கோடு வரும். 950 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 2,610 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்புறம் எல்லாவற்றையும் சமமாகப் படுக்க வைத்தேன். என் கார்டு 190 வாட் சுற்றி நின்றது 155க்கு வந்தது. ஃப்ரேம் ரேட்டில் இழந்தது கண்ணுக்குத் தெரியாத அளவு. உங்கள் கார்டுக்கு இதே எண் சரிப்படும் என்று இல்லை. படிக்கு 25 மில்லிவோல்ட்டாக இறங்கிப் பார்க்க வேண்டும்.

சிபியுவுக்கு இரண்டு வழி. பயாஸில், அதாவது விண்டோஸ் வரும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில், கோரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் என்ற இடத்தில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 15 அல்லது 20 கொடுப்பது ஒன்று. மொத்த வாட்டுக்கே பூட்டுப் போடுவது இன்னொன்று. 88 வாட்டை 65 ஆக்கினால் வீடியோ ரெண்டரிங் போன்ற வேலையில் கொஞ்சம் பின்தங்கும். கேமில் நான் வித்தியாசம் பார்க்கவில்லை, ஏனென்றால் கேமில் அது 65ஐத் தொடுவதே அபூர்வம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது.

இந்த இடத்தில் நான் சூடுபட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். போன வருடம் சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு, அறை 33 டிகிரியில் வேகும்போது உட்கார்ந்து எல்லாம் சரிசெய்தேன். இந்தச் சூட்டிலேயே தாங்கினால் எப்போதும் தாங்கும் என்று நம்பினேன். ஆனி மாதம் சாரல் பிடித்தது. இரவு பதினொரு மணி, ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலையில் மழை சடசடவென்று விழுகிறது, அறையில் போர்வை வேண்டும் போல் குளிர். கேம் திறந்து இரண்டே நிமிடத்தில் திரை கறுத்தது. மறுபடி போட்டேன், மறுபடி கறுத்தது. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, ரைசர் கேபிள் போய்விட்டது என்று இரவு ஒரு மணி வரை கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

காரணம் ரொம்ப எளிது. எங்கள் 4070 போன்ற என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏற வேகத்தைச் சிறு சிறு படியாகக் கீழே இறக்கும், குளிர்ந்தால் ஏற்றும். நான் கார்டு சூடாக இருந்தபோது வைத்த கோடு, குளிரில் ஓரிரு படி மேலே ஏறி நின்றிருக்கிறது. அதே 950 மில்லிவோல்ட்டுக்கு அந்த வேகம் தாங்கவில்லை. 30 மெகாஹெர்ட்ஸ் குறைத்தேன், அன்றோடு தீர்ந்தது. கர்வ் ஆப்டிமைசரிலும் இதே குணம் உண்டு: முழு லோடில் கல் மாதிரி நிற்கும், சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் நேரம்தான் அதற்கு ஆபத்து. கோர்சைக்ளர் என்ற இலவச நிரல் ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் ஃபேன் வேகத்தைச் சித்திரையில் முடிவு செய்யுங்கள், வோல்டேஜை மழை ராத்திரியில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே மதியத்தில் முடிக்கப் பார்த்ததுதான் நான் செய்த முட்டாள்தனம்.

ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. அத்தை எட்டிப் பார்த்தது சூட்டினால் அல்ல, ஏற்ற இறக்கத்தால். ரைசன் சிப்பின் வெப்பம் ஒரு நொடியில் 15 டிகிரி தாவும். ஃபேனும் கூடவே தாவும். ஒரே சீராக ஓடும் சத்தம் காதுக்குப் பழகிவிடும், ஏறி இறங்கும் சத்தம் பழகாது. பயாஸில் ஃபேன் ஏறுவதற்கு முன் சில நொடி தாமதம் வைத்து, 70 டிகிரி வரை ஒரே வேகத்தில் ஓடச் செய்தால் பாதி வழக்கு அங்கேயே முடியும்.

சரி, இதற்கு மேல் காசு போட்டே ஆக வேண்டும் என்றால் எங்கே?

முதலில் கேபினட்டைத் திறந்து பாருங்கள். என்னுடையதைப் போன மாதம் திறந்தேன். எங்கள் வீடு கடலில் இருந்து நானூறு மீட்டர் இருக்கும். மேற்குக் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்து உப்பு சொல்லலாம். கூலரின் அலுமினியத் தகடுகளில், காற்று உள்ளே நுழையும் ஓரத்தில் மட்டும், மாவு தூவியது போல் வெள்ளைப் பூப்பு. பின்பக்க ஸ்லாட் மூடியின் இரண்டு திருகுகள் செம்பழுப்பாகத் துரு ஏறி, ஸ்க்ரூடிரைவரில் பிடி கொடுக்காமல் வழுக்கின. ஃபேன் இறக்கையில் படிந்திருந்தது சாதாரணத் தூசி இல்லை. ஈரமும் உப்பும் குழைந்த பிசின். ப்ளோயர் அடித்தால் அசையவில்லை. பெயிண்ட் பிரஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தேன். ஒரு மணி நேர வேலை. அதில் மட்டும் நாலு டிகிரி குறைந்தது. கருங்கலில் இவ்வளவு மோசம் இராது, ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும்.

அடுத்தது ஃபோம் டேப், விலை நூறு ரூபாய்க்குள். கூலரின் ஃபேனுக்கும் பக்கவாட்டு ஜாலிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில், வெளியேறிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். சுற்றிலும் ஃபோம் ஒட்டி, வெளிக்காற்று மட்டும் வரும்படி ஒரு சின்னக் குழாய் மாதிரி செய்துவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். சின்னக் கேபினட்டில் நான் செய்ததிலேயே காசுக்கு அதிகம் பலன் தந்தது இதுதான் என்பேன். 3டி பிரிண்டில் அழகாகச் செய்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஃபோமே போதுமாக இருந்தது.

சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. சாதாரண பேஸ்ட், சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து, நாளடைவில் நடுவில் இருந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். ஹனிவெல் பிடிஎம்7950 என்ற ஷீட் அப்படிச் செய்வதில்லை. சாதாரணமாகக் கெட்டியாக இருந்து, 45 டிகிரி சுற்றி இளகிப் பரவும். கிராபிக்ஸ் கார்டின் சிப்புக்கு அது அருமை. ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால்தான் பிளாஸ்டிக் ஒழுங்காக உரிந்து வரும். கார்டைத் திறந்தால் வாரண்டி என்ன ஆகும் என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். போலி ஷீட்டும் நடமாடுகிறது, விலை சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கூலர் மாற்றுவது. அவன் போட்டிருப்பது 37 மில்லிமீட்டர் உயரக் கூலர். 47 மில்லிமீட்டர் உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்47 அவன் கேபினட்டில் அடங்கும். பத்து மில்லிமீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கலாம். ஆனால் ஃபேனுக்குப் போக மிஞ்சும் தகட்டுப் பரப்பில் அது பெரிய சதவீதம். இதில் முழுச் செம்பு மாடலும் உண்டு. பளபளப்பு ஆசையில் அதை வாங்க நினைத்தான். வேண்டாம் என்றேன். பேருந்தில் குலுங்கும் பெட்டியில் மதர்போர்டில் தொங்கும் எடை கூடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. உப்புக் காற்றில் செம்பும் கறுக்கத்தான் செய்யும்.

கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் அதன் ஃபேன்களையும் கழற்றிவிட்டு, 15 மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேனைக் கட்டிவைக்கும் ஒரு வழியும் இருக்கிறது. சத்தம் நிஜமாகவே குறையும், மறுக்கவில்லை. மேஜையை விட்டு நகராத கணினியாக இருந்தால் நானே செய்வேன். பிளாஸ்டிக் டையில் தொங்கும் ஃபேனோடு திங்கள்சந்தை சாலைக் குழிகளைக் கடக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது வாட்டர் கூலர். எங்கள் கேபினட்டில், சூடான நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு இடமே இல்லை. ஆகவே அவன் வாங்க வேண்டியது வாட்டர் கூலர் மட்டும் அல்ல, கேபினட்டும்தான். 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் அடங்கும் லியான் லி ஏ4 எச்2ஓ 11 லிட்டர்தான். அளவில் நஷ்டம் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் அவன் பன்னிரண்டாயிரம் போதாது. லாபம் யாருக்கு? 150 வாட்டுக்கு மேல் இழுக்கும் சிபியு வைத்திருப்பவருக்கு. அவருக்கு 47 மில்லிமீட்டர் கூலர் காணவே காணாது, வாட்டர்தான் சரி. 65 வாட்டில் பூட்டிய 7600க்கு அது கொசுவுக்குப் பீரங்கி. மேலும் குழாய் வழியாக நீர் வருடக்கணக்கில் துளித்துளியாக ஆவியாகும். உள்ளே காற்றுக் குமிழி சேரும். பெட்டியைத் தலைகீழாகவும் படுக்கவைத்தும் தூக்கிக்கொண்டு போனால் அந்தக் குமிழி பம்ப்புக்குள் புகுந்து களகளவென்று சத்தம் போடும். ரேடியேட்டர் தகடு கூலர் தகட்டைவிட மெல்லியது. என் கூலரில் பார்த்த வெள்ளைப் பூப்பை அதில் நினைத்துப் பார்த்தேன். கடலோரத்தில் வீடு உள்ளவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேபினட்டையே பெரிதாக்கிவிட்டால்? கூலர் மாஸ்டர் என்ஆர்200 18.25 லிட்டர். உயரமான டவர் கூலரே உள்ளே போகும், சூட்டுப் பிரச்சினை என்ற பேச்சே இருக்காது. வீட்டில் இருந்து எங்கும் கொண்டுபோகாதவர் யோசிக்காமல் அதை வாங்கலாம். விமானத்தில் கைப்பை 7 கிலோ என்று நிற்கிற கணக்கில் அது அடங்காது. ரயிலில் மேல் தட்டில் ஏறும், ஆனால் வடசேரி பேருந்து நிலையத்தில் தோளில் போட்டுக்கொண்டு ஓட முடியாது. என் அனுபவத்தில் ஆறு கிலோவுக்கு மேல் போனால் ‘எடுத்துப் போகலாம்’ என்பது மெல்ல ‘அடுத்த வாரம் எடுத்துப் போகலாம்’ ஆகிவிடும்.

விற்றுவிட்டு லேப்டாப் வாங்குவதையும் அவன் கேட்டான். அதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. லேப்டாப்பில் 4070 என்று எழுதியிருப்பது நம் மேஜைக் கார்டு அல்ல. மேஜைக் கார்டில் கூடா கோர் என்ற சிறு கணக்கு அலகுகள் 5,888, நினைவகம் 12 ஜிபி. லேப்டாப்பில் 4,608, 8 ஜிபி. சிப்பே வேறு. தினமும் இடம் மாறுகிறவருக்கு, இரண்டு இடத்தில் மானிட்டர் வைக்க வசதி இல்லாதவருக்கு லேப்டாப்தான் புத்திசாலித்தனம். அதில் வீம்பு பார்க்கக் கூடாது. அவனுக்கு இரு இடத்திலும் மானிட்டர் இருக்கிறது, பயணம் மாதம் ஒருமுறை. விற்கத் தேவையில்லை.

சூட்டோடு சம்பந்தமில்லாத இரண்டு விஷயமும் சொன்னேன். ஒன்று கரண்ட், அதற்கு அந்தப் பன்னிரண்டாயிரத்தில் பங்கு ஒதுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டர் சதுர அலை தருவது. ஃபேனும் லைட்டும் அதில் ஓடும். இந்த எஸ்எம்பிஎஸ் வகைக்குச் சைன் அலை தரும் யுபிஎஸ்தான் நல்லது. ஆடிக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து ஒரு மாலையில் நாலு தடவை கரண்ட் போகும் ஊரில் இதைத் தள்ளிப்போட முடியாது. இன்னொன்றுக்குக் காசே வேண்டாம், பொறுமை வேண்டும். ஏசி பெட்டியில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த கணினியை, காலையில் நாகர்கோவில் சந்திப்பில் இறக்கினால், மூக்குக்கண்ணாடியில் படிகிற அதே பனி உள்ளே உலோகத்திலும் படியும். பையில் இருந்து எடுக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். சாயா குடித்து, குளித்து, பிறகு சுவிட்ச் போடுங்கள். கடைசி ஒன்று: ரைசர் கேபிள் மீது சந்தேகம் வந்தால், புதிது வாங்கும் முன் பயாஸில், கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐஇ இணைப்பின் தலைமுறையை நான்கில் இருந்து மூன்றுக்கு இறக்கிப் பாருங்கள். 4070 அதில் பெரிதாக எதையும் இழக்காது. நான் அந்த மழை ராத்திரியில் இதைச் செய்திருந்தால், கேபிள் மேல் தப்பில்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

கடைசியில் அவன் செய்தது: ஒரு சனிக்கிழமை முழுக்க செட்டிங்ஸ், ஃபோம் டேப், 47 மில்லிமீட்டர் அலுமினியக் கூலர், மிச்சக் காசை யுபிஎஸ்ஸுக்கு. இப்போது சிபியு விளையாட்டில் 74, கார்டு 68. பிடிஎம் ஷீட்டை வாரண்டி முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறான். அத்தை எட்டிப் பார்ப்பதில்லை. கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 25 போட்டிருக்கிறான், நான் 15 என்று சொல்லியும். முழு லோடில் ஒரு மணி நேரம் நின்றது என்று பெருமையாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். இன்னும் மழை தொடங்கவில்லை. ஆனி பிறந்ததும் போன் வரும்.